தாளுக்கு ஒரு கண்ணாடிச் சட்டை

பள்ளி அடையாள அட்டை, வகுப்பறைச் சுவரில் தொங்கும் நேர அட்டவணை, வேதியியல் ஆய்வகத்தின் தனிம வரிசை அட்டவணை, உணவு விடுதியின் விலைப் பட்டியல் ஆகிய எல்லாவற்றின் மேலும் இன்று பளபளப்பான ஒரு படலம் ஒட்டியிருப்பதைக் காண்கிறோம். "லேமினேஷன் செய்து தரப்படும்" என்ற பலகை இல்லாத ஜெராக்ஸ் கடை அரிது. தாளை நீட்டினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அது தண்ணீர் படாத, கிழியாத, அழுக்கு ஏறாத அட்டையாகத் திரும்பி வந்துவிடுகிறது.

தாளைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே. 2015 டிசம்பரில் சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் வெள்ளம் சூழ்ந்தபோது வீட்டுப் பத்திரங்களையும் பள்ளிச் சான்றிதழ்களையும் இழந்த குடும்பங்கள் பல. நகல் ஆவணங்கள் வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்த வேண்டியிருந்தது. அதைக் கண்டவர்கள், "எல்லாவற்றையும் லேமினேட் செய்து வைத்துவிடலாம்" என்று நினைத்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் எல்லாத் தாளுக்கும் ஒரே சட்டை பொருந்துமா? எல்லாப் படலத்தையும் எல்லா இயந்திரத்திலும் போடலாமா? போட்ட பிறகு வேண்டாம் என்றால் கழற்ற முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண, அந்தப் படலத்துக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

ஒன்றல்ல, இரண்டு

லேமினேஷன் உறையைக் கடைக்காரர்கள் "பவுச்" என்பார்கள். அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு தகடுகள் ஒரு விளிம்பில் மட்டும் ஒட்டியிருக்கும். வெளிப்புறம் வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். உட்புறத்தை விரலால் தடவினால் சற்றே சொரசொரப்பு. பார்வைக்குப் பனி படிந்த கண்ணாடி போல் மங்கலாக இருக்கும். ஒரே தகடுபோல் தோன்றினாலும் அது இரண்டு வேறு பொருள்களால் ஆனது என்பதற்கு இதுவே சான்று.

வெளிப்புறத்தில் இருப்பது பாலியெஸ்டர். அதன் முழுப்பெயர் பாலியெத்திலீன் டெரிப்தாலேட். குடிநீர் பாட்டில் செய்யப்படும் அதே பிளாஸ்டிக்தான். 1941-ல் இங்கிலாந்தில், காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் என்ற துணி நிறுவனத்தின் ஆய்வாளர்களான வின்ஃபீல்டு, டிக்சன் ஆகிய இருவரும் இதை உருவாக்கினார்கள். முதலில் துணி இழையாகப் பயன்பட்டது. பிறகு 1950-களில் மெல்லிய படலமாக விற்பனைக்கு வந்தது.

இந்தப் படலத்தைச் செய்யும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி முதலில் நீளவாக்கிலும், அடுத்து அகலவாக்கிலும் இழுப்பார்கள். தாறுமாறாகச் சுருண்டு கிடந்த நீண்ட மூலக்கூறுகள் தகட்டின் தளத்திலேயே இரு திசைகளிலும் வரிசைப்படுகின்றன. இழுத்த நிலையிலேயே பிடித்து வைத்து மீண்டும் சூடாக்கிக் குளிர்விப்பார்கள். இதனால் படலம் மிகுந்த வலிமை பெறுகிறது. 1960-ல் அமெரிக்கா விண்ணில் செலுத்திய எக்கோ-1 என்ற பலூன் துணைக்கோள் சுமார் 30 மீட்டர் விட்டமுடையது. அது அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் படலத்தால் ஆனது. அப்படலத்தின் தடிமன் 12.7 மைக்ரான் மட்டுமே! ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பாலியெஸ்டர் உருகுவதற்கு ஏறத்தாழ 260° செ. வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் தாளே பழுப்பேறிவிடும். ஆகவே பாலியெஸ்டரை உருக்கித் தாளில் ஒட்ட முடியாது. இங்கேதான் உட்புறத்துப் பொருள் உதவிக்கு வருகிறது.

உட்புறத்தில் இருப்பது எத்திலீன் வினைல் அசிட்டேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. இது பாலித்தீனின் நெருங்கிய உறவு. பாலித்தீனில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாக நெருங்கி நிற்கும். ஈ.வி.ஏ.வில் அந்தச் சங்கிலியின் பக்கவாட்டில் ஆங்காங்கே அசிட்டேட் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். விறகுக் கட்டில் கிளைகளை வெட்டாத கட்டைகளைச் சேர்த்தால் கட்டு நெருக்கமாக அமையாது அல்லவா? அதுபோல இந்த மூலக்கூறுகளும் நெருங்கி அடுங்க முடிவதில்லை. எனவே குறைந்த வெப்பத்திலேயே, சுமார் 70° செ. முதல் 100° செ.க்குள், இளகிவிடுகின்றன.

இளகிய ஈ.வி.ஏ. தாளின் நார்களுக்கு இடையில் பாய்ந்து, ஆறியதும் அங்கேயே இறுகிக்கொள்கிறது. உருகாத பாலியெஸ்டர் கவசம்போல் வெளியே நிற்கிறது. ஆக, உருகும் பசை ஒன்று, உருகாத தோல் ஒன்று. லேமினேஷனின் இரகசியம் இவ்வளவுதான். வீட்டுக் கூரையில் வைக்கும் சூரிய மின்தகடுகளிலும் கண்ணாடியையும் சிலிக்கன் வில்லைகளையும் இணைத்துப் பிடிப்பது பெரும்பாலும் இதே ஈ.வி.ஏ.தான் என்பது கூடுதல் செய்தி.

உட்புறம் ஏன் மங்கலாக இருக்கிறது? அதன் மேற்பரப்பு வேண்டுமென்றே சொரசொரப்பாகச் செய்யப்பட்டது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் மங்கலாகத் தெரிகிறது. அந்தச் சொரசொரப்பில் உள்ள நுண்ணிய பள்ளங்கள், அழுத்தும்போது காற்று வெளியேற வழியாகவும் அமைகின்றன. வெப்பத்தில் பசை இளகிச் சமதளமானதும் சிதறல் நின்று, படலம் கண்ணாடிபோல் தெளிவாகிறது.

மைக்ரான் கணக்கு

கடைகளில் 75, 100, 125, 150, 250 மைக்ரான் என்று பல தடிமன்களில் பவுச்சுகள் கிடைக்கின்றன. அமெரிக்க இயந்திரங்களின் குறிப்பேட்டில் "மில்" என்ற அளவு இருக்கும். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 25.4 மைக்ரான். எனவே 5 மில் என்றால் 127 மைக்ரான். நம் ஊரில் 125 என்று விற்பது இதற்குச் சமம். மில்லை மில்லிமீட்டர் என்று நினைத்துக் குழம்பக் கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பொதுவாக உறையில் போட்டிருக்கும் எண் ஒரு பக்கத் தகட்டின் தடிமன். தாளின் முன்னும் பின்னும் இரண்டு தகடுகள் வருகின்றன. சாதாரணத் தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால்:

100 மைக்ரான் பவுச்: 100 + 100 + 100 = 300 மைக்ரான்; அதாவது 0.3 மி.மீ.
250 மைக்ரான் பவுச்: 250 + 100 + 250 = 600 மைக்ரான்; அதாவது 0.6 மி.மீ.

மொத்தத் தடிமன் இரண்டு மடங்காகிறது. அப்படியானால் விறைப்பும் இரண்டு மடங்குதானா? இல்லை. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. இரண்டின் மும்மடி எட்டு. ஆகவே 250 மைக்ரான் அட்டை ஏறத்தாழ எட்டு மடங்கு விறைப்பாக இருக்கும் என்று கணக்குச் சொல்கிறது. ஈ.வி.ஏ. மென்மையான பொருள் ஆதலால் நடைமுறையில் இது சற்று மாறும். ஆனாலும் வேறுபாடு பெரிது என்பது கையில் பிடித்தாலே தெரியும். வளையாமல் நிற்க வேண்டிய அடையாள அட்டைக்குத் தடிமன் படலமும், மடங்கிச் சுருள வேண்டிய சுவர்ப் படத்துக்கு மெல்லிய படலமும் ஏற்றவை ஆவது இதனால்தான்.

தடிமன் மட்டுமல்ல, பங்கீடும் முக்கியம். 125 மைக்ரான் என்பதில் பாலியெஸ்டர் எவ்வளவு, பசை எவ்வளவு? பாலியெஸ்டர் மிகுந்தால் விறைப்பும் கீறல் தாங்கும் தன்மையும் கூடும். பசை மிகுந்தால் சொரசொரப்பான தாளிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அட்டை துவளும். தரமான உறைகளில் இரண்டையும் தனித்தனியே 75 + 50 என்பதுபோல் குறிப்பிடுவார்கள். ஒரே எண்ணும் வேறு வேறு விலையும் உள்ள இரண்டு பவுச்சுகளைக் கண்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இயந்திரத்தின் வயிற்றுக்கு ஏற்ற உணவு

பவுச் இயந்திரத்துக்குள் ரப்பர் உருளைகள் இணை இணையாக நிற்கும். சில இயந்திரங்களில் உருளைகளே சூடாகும். சிலவற்றில் சூடான தகடுகளுக்கு இடையே பவுச் நகர்ந்து வந்து, பிறகு உருளைகளில் அழுந்தும். எப்படியானாலும் வெப்பம் வெளிப்புறப் பாலியெஸ்டரைக் கடந்துதான் உள்ளே இருக்கும் பசையை அடைய வேண்டும்.

ஒரு பொருளின் ஊடே வெப்பம் பரவ ஆகும் நேரம் அதன் தடிமனின் இருமடியைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஆகவே தடித்த படலத்துக்கு ஒன்று வெப்பநிலையைக் கூட்ட வேண்டும். அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். இயந்திரத்தின் மேல் 75, 100, 125 என்று எழுதிய பொத்தான்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. 125 மைக்ரான் வரை என்று குறித்துள்ள சிறிய இயந்திரத்தில் 250 மைக்ரான் பவுச்சைப் போட்டால் என்ன ஆகும்? உருளைகளின் இடைவெளி போதாமல் சிக்கிக்கொள்ளலாம். வெளியே வந்தாலும் பசை சரியாக இளகாமல் ஓரங்கள் பிரியும்.

வெளிவந்த அட்டையைப் பார்த்தே குறை எங்கே என்று சொல்லிவிடலாம்:

பால்போல் மங்கல் தெரிந்தால், வெப்பம் போதவில்லை. பசையின் சொரசொரப்பு இன்னும் மறையவில்லை. வெப்பத்தைக் கூட்டி மறுபடியும் ஒரு முறை செலுத்தலாம்.

அலை அலையாக நெளிந்தால், வெப்பம் மிகுந்துவிட்டது. இழுத்து வரிசைப்படுத்திய பாலியெஸ்டர் மூலக்கூறுகள் சுருங்க முயல்கின்றன. இதைச் சரிசெய்ய முடியாது.

கொப்புளங்கள் தோன்றினால், தாளில் ஈரம் இருந்திருக்கிறது. அது நீராவியாகிப் பசையைத் தூக்கிவிட்டது. அல்லது காற்று சிக்கியிருக்கிறது.

பவுச்சின் ஒட்டிய விளிம்பு எப்போதும் முதலில் உள்ளே போக வேண்டும். அப்போதுதான் உருளைகள் காற்றைத் திறந்த பக்கமாகத் தள்ளிக்கொண்டே வரும். திறந்த விளிம்பை முதலில் விட்டால் காற்று மூடிய பக்கத்தில் சிறைப்படும். பசை உருளையில் ஒட்டவும் வாய்ப்பு உண்டு.

அளவிலும் கவனம் வேண்டும். ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் உடையது. ஏ4 பவுச் 216 மி.மீ. அகலமும் 303 மி.மீ. நீளமும் இருக்கும். நான்கு பக்கமும் 3 மி.மீ. விளிம்பு மிஞ்சுகிறது. அந்த விளிம்பில் பசையும் பசையும் நேரடியாக ஒட்டித் தாளை முத்திரையிடுகின்றன. அழகுக்காக அதைத் தாளின் ஓரம்வரை வெட்டிவிட்டால், தாளின் நார்கள் வெளியே தலைகாட்டும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அவை நீரை உள்ளே இழுக்கும். பிறகு லேமினேஷன் செய்தும் பயனில்லை.

சுருள் படலமும் புத்தக அட்டையும்

பெரிய வரைபடங்களையும் நூற்றுக்கணக்கான தாள்களையும் பவுச்சில் போட முடியாது. அச்சகங்களில் மேலும் கீழும் இரண்டு படலச் சுருள்கள் மாட்டிய இயந்திரம் இருக்கும். இங்கே மூன்று பொருத்தங்கள் பார்க்க வேண்டும். சுருளின் நடுவிலுள்ள அட்டைக் குழாய் இயந்திரத்தின் தண்டுக்குச் சரியாக இருக்க வேண்டும். இரண்டு சுருள்களும் ஒரே தடிமனாக, ஒரே இழுவையில் ஓட வேண்டும். பளபளப்பான பக்கம் சூடான உருளையைத் தொட வேண்டும். திருப்பி மாட்டினால் பசை உருளையின் மேலேயே உருகிப் படிந்துவிடும்.

புத்தக அட்டைக்கு வெளிப்புறத்தில் மட்டுமே படலம் ஒட்டுவார்கள். இதற்குப் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் படலம் பயன்படுகிறது. மழைக்காலத்தில் சில புத்தகங்களின் அட்டை தானாகவே மேல்நோக்கிச் சுருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அப்படி?

இயற்பியல் பாடத்தில் ஈருலோகப் பட்டையைப் படித்திருக்கிறீர்கள். சூடாக்கும்போது ஓர் உலோகம் மற்றதைவிட அதிகமாக விரிவதால் பட்டை வளைகிறது. புத்தக அட்டையில் நடப்பதும் அதுவே. வெப்பத்துக்குப் பதில் ஈரம். உட்புறத் தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. வெளிப்புறப் படலம் ஈரத்தை ஏற்பதில்லை. எனவே விரிவதும் இல்லை. அதனால் அட்டை படலத்தின் பக்கமாக வளைகிறது. இதற்குத் தீர்வாக நைலான் படலத்தைப் பயன்படுத்துகிறார்கள். நைலான் ஈரத்தை ஓரளவு உறிஞ்சித் தாளோடு சேர்ந்து தானும் விரியும். அட்டை தட்டையாகவே கிடக்கும். விலை கூடுதல் என்பதே இதன் குறை.

வெப்பம் ஆகாத பொருள்கள்

பணம் எடுக்கும் இயந்திரம் தரும் சீட்டு, நடத்துநரின் கைக்கருவி தரும் பேருந்துச் சீட்டு முதலியவற்றில் மை கிடையாது. அந்தத் தாளின் மேல் நிறமற்ற சாயப்பொருளும் அதற்கு நிறம் தரும் அமிலப்பொருளும் கலந்து பூசப்பட்டிருக்கும். சூடான ஊசிமுனைகள் பட்ட இடத்தில் அவை உருகிக் கலந்து கறுக்கும். அதுவே எழுத்து. இந்த வெப்பத்தாள் ஏறத்தாழ 70° செ. அளவிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். "ரசீது அழிந்துபோகிறதே, லேமினேட் செய்து வைப்போம்" என்று சூடான இயந்திரத்தில் செலுத்தினால், தாள் முழுதும் கறுத்து, எழுத்து இருந்த இடமே தெரியாமல் போகும். அழியும் ரசீதை ஜெராக்ஸ் எடுத்து வைப்பதே அறிவுடைமை.

மெழுகு வண்ணக் கோலால் தீட்டிய ஓவியம் உருளையின் சூட்டில் உருகிப் பரவும். இங்க்ஜெட் அச்சு முழுதும் உலர ஒரு நாளாவது விட வேண்டும். குண்டூசியோ ஸ்டேப்ளர் கம்பியோ இருந்தால் உருளையின் ரப்பர் கிழியும்.

தாவரவியல் செயல்திட்டத்துக்கு இலைகளை லேமினேட் செய்யும் மாணவர்கள் பலர். பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி நீர். சூடான உருளையில் அது ஆவியாகிக் கொப்புளமிடும். எஞ்சிய ஈரம் இலையைக் கறுக்கச் செய்யும். செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, தாள்களை அடிக்கடி மாற்றி, ஒன்றிரண்டு வாரம் உலர்த்திய பிறகே இலை அதற்குத் தயாராகும். உலர்தாவரக் காப்பகங்களில் அப்போதும் லேமினேட் செய்வதில்லை. தாளில் இணைத்து வைப்பதோடு சரி. பின்னாளில் ஓர் ஆய்வாளர் அந்த இலையைத் தொட்டு, உருப்பெருக்கியில் வைத்து, ஒரு துணுக்கை எடுத்து டி.என்.ஏ. ஆய்வுகூடச் செய்ய வேண்டியிருக்கலாம் அல்லவா?

சூடு ஆகாத பொருள்களுக்குக் குளிர் லேமினேஷன் உண்டு. செல்லோ டேப்பில் உள்ளதுபோல், அழுத்தினாலே ஒட்டும் பசை பூசிய படலம் இது. பின்னால் ஒரு வழவழப்பான காப்புத்தாள் இருக்கும். அதை உரித்துக்கொண்டே உருளையில் அழுத்துவார்கள். மின்சாரம் இல்லாமலும் செய்யலாம். விலை சற்று அதிகம். சிறிது பிசகினாலும் சுருக்கம் விழும்.

எந்த வேலைக்கு எது?

இதுவரை கண்டதைத் தொகுத்துப் பார்ப்போம்.

அடையாள அட்டை: 250 மைக்ரான் படலம், அதைத் தாங்கும் இயந்திரம், சுற்றிலும் விளிம்பு.

வகுப்பு அட்டவணை, ஆய்வக எச்சரிக்கைக் குறிப்பு: 125 மைக்ரான். சன்னலுக்கு எதிரே மாட்டுவதாக இருந்தால் பளபளப்பான படலம் ஒளியைத் திருப்பிக் கண்ணைக் கூசச் செய்யும். ஒளியைச் சிதறடிக்கும் மங்கல் படலம் நல்லது.

மடித்து எடுத்துச் செல்லும் வரைபடம்: 75 மைக்ரான். தடித்த படலம் மடிப்பில் வெண்கோடு விட்டுப் பிரியும்.

வெப்பத்தாள், மெழுகு ஓவியம்: குளிர் லேமினேஷன், அல்லது நகலெடுத்து அந்த நகலை மட்டும் லேமினேட் செய்தல்.

ஒரு மாதத்தில் எறியப்போகும் அறிவிப்பு: லேமினேஷனே வேண்டாம். ஏ4 தாளின் எடை 5 கிராம். அதன்மேல் ஏறும் 125 மைக்ரான் பவுச்சின் எடை சுமார் 20 கிராம். தாளைப்போல் நான்கு மடங்கு பிளாஸ்டிக்! தாளும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடுவதால், எறிந்த பின் அதைத் தாளாகவும் மறுசுழற்சி செய்ய முடியாது, பிளாஸ்டிக்காகவும் முடியாது.

பட்டியலில் மிக முக்கியமான ஒன்று விடுபட்டுள்ளது. அதுதான் உங்கள் மூலச் சான்றிதழ்.

கழற்ற முடியாத சட்டை

ஆவணங்களுக்குப் படலம் ஒட்டும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த வில்லியம் பாரோ என்பவர் 1930-களில், நைந்த பழைய ஆவணங்களைச் செல்லுலோஸ் அசிட்டேட் படலங்களுக்கு இடையே வைத்துச் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கான இயந்திரம் விலை மிகுந்தது. 1950-களில் புதுதில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் ஓர் எளிய வழியைக் கையாண்டது. ஆவணத்தின் இருபுறமும் அசிட்டேட் படலமும் அதன்மேல் மெல்லிய திசுத்தாளும் வைத்து, அசிட்டோனில் தோய்த்த பஞ்சால் துடைத்தார்கள். அசிட்டோனில் படலம் இளகித் திசுத்தாளையும் ஆவணத்தையும் ஒன்றாகப் பிணைத்தது. இயந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். உலகக் காப்பகங்களில் இது "இந்திய முறை" என்றே பெயர் பெற்றது.

ஆண்டுகள் செல்லச்செல்ல ஒரு குறை வெளிப்பட்டது. செல்லுலோஸ் அசிட்டேட் மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை, அதாவது புளிக்காடியின் அமிலத்தை, வெளியிடுகிறது. அந்த அமிலம் தாளின் செல்லுலோஸ் சங்கிலிகளை அறுக்கிறது. காக்க வந்த படலமே அரிக்கத் தொடங்கியது! அவ்வாறு ஒட்டிய ஆவணங்களை அசிட்டோனில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கும் வேலை மிகுந்த செலவில் பல இடங்களில் நடந்திருக்கிறது. கரைப்பானில் கரையும் பசை என்பதால் அதாவது முடிந்தது.

ஜெராக்ஸ் கடையின் ஈ.வி.ஏ. தாளின் நார்களுக்குள் புகுந்து இறுகியது. அதைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிப்பது நடைமுறையில் இயலாத காரியம். வெப்பத்திலும் ஒளியிலும் ஈ.வி.ஏ.வும் காலப்போக்கில் சிறிது அசிட்டிக் அமிலத்தை விடக்கூடியதே. மேலும் நீர்க்குறி, புடைப்பு முத்திரை, தாளின் தன்மை ஆகியவற்றைத் தடவியும் வெளிச்சத்தில் பிடித்தும்தான் உண்மைச் சான்றிதழா என்று அறிவார்கள். படலம் அதைத் தடுக்கும். புடைப்பு முத்திரையை உருளை நசுக்கிவிடும். பின்னாளில் அதன்மேல் ஒரு குறிப்போ முத்திரையோ இட வேண்டுமானாலும் மை பிடிக்காது. அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு அட்டையை லேமினேட் செய்ய வேண்டாம் என்று அந்நாட்டு அரசே அறிவுறுத்துவது இத்தகைய காரணத்தால்தான்.

ஆவணக் காப்பாளர்கள் இன்று ஒரு விதியை முதன்மையாக வைத்திருக்கிறார்கள்: எதைச் செய்தாலும் அதைத் திரும்பப் பெற முடிய வேண்டும். அதற்கேற்ப அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1970-களிலிருந்து வேறொரு முறையைப் பரவலாக்கியது. ஆவணத்தை இரண்டு பாலியெஸ்டர் தகடுகளுக்கு இடையே வைத்து, தாளைத் தொடாமல் ஓரங்களை மட்டும் ஒட்டிவிடுவார்கள். பசை தாளில் படுவதே இல்லை. ஓரத்தை வெட்டினால் ஆவணம் அப்படியே வெளியே வந்துவிடும்.

இதையே நாமும் எளிதாகப் பின்பற்றலாம். மூலச் சான்றிதழைப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில் செருகி வைக்கலாம். மலிவான பி.வி.சி. உறை வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள்கள் கசிந்து ஜெராக்ஸ் எழுத்துகளை இளக்கும். எழுத்துகள் உறையில் ஒட்டிக்கொண்டு வருவதைக் கண்டிருப்பீர்கள். வெள்ளத்துக்கு அஞ்சினால், உறையோடு இறுக மூடும் டப்பாவில் போட்டு உயரமான இடத்தில் வைக்கலாம். நல்ல வண்ண நகல் ஒன்றை எடுத்து, அதை 125 மைக்ரானில் லேமினேட் செய்து அன்றாடம் பயன்படுத்தலாம். 2015-ல் தொடங்கிய டிஜிலாக்கர் என்ற அரசு மின்பெட்டகத்தில் மதிப்பெண் சான்றிதழின் மின்வடிவைப் பெற்று வைப்பதும் நல்ல காப்பு.

செய்து பாருங்கள்

1. ஜெராக்ஸ் கடையில் 100 மைக்ரானிலும் 250 மைக்ரானிலும் லேமினேட் செய்த, தாளுடன் கூடிய கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் 2 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டுங்கள். நுனி எத்தனை மி.மீ. தாழ்கிறது? இரண்டு அளவுகளின் விகிதம் எட்டுக்கு அருகில் வருகிறதா?

2. தாளில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். ஒன்று நீளவாக்கில், மற்றது அகலவாக்கில். ஒவ்வொன்றின் ஒரு பக்கம் முழுதும் செல்லோ டேப் ஒட்டுங்கள். மறுபக்கத்தை ஈரத்துணியால் ஒற்றுங்கள். எந்தப் பக்கமாக வளைகிறது? இரண்டும் ஒரே அளவில் வளைகின்றனவா? தாளின் நார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை இதிலிருந்து கண்டுபிடிக்கலாம். நார்கள் நீளத்தைவிடக் குறுக்குவாட்டில் அதிகமாக உப்பும்.

3. வேண்டாத வெப்பத்தாள் ரசீது ஒன்றின்மேல் கொதிநீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரைப் பெரியவர் துணையுடன் வைத்து எடுங்கள். டம்ளரின் அடிப்பாகம் அப்படியே கறுப்பு வட்டமாகப் பதியும். சாதாரணத் தாளில் அச்சான ரசீதிலும் இதைச் செய்து ஒப்பிடுங்கள்.

முடிவாக, கடைக்காரரிடம் தாளை நீட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தாள் சூட்டைத் தாங்குமா? இந்த இயந்திரம் இந்தத் தடிமனைத் தாங்குமா? இந்தத் தாளை இனி எப்போதாவது தொட்டுப் பார்க்கவோ அதில் எழுதவோ வேண்டியிருக்குமா? முதல் இரண்டுக்கும் 'ஆம்' என்றும் மூன்றாவதற்கு 'இல்லை' என்றும் விடை வந்தால், தயங்காமல் சட்டை போடலாம்.